செம அனுபவம் மச்சி! ஆனா பில்லு யாரு கட்டினது?

போன வாரம் எங்க டிபார்ட்மெண்ட்டில் ஜூனியர்களுக்கு வரவேற்பு விழா. பாட்டு, டான்ஸ், மிமிக்ரி எல்லாம் முடிஞ்சதும் "சீனியர்களின் அனுபவம்"னு ஒரு ஐட்டம் வச்சிருந்தாங்க. எங்க குரூப் லீடர் மைக்கைப் பிடிச்சான். 2024 டிசம்பர்ல நாங்க நாலு பேரு முதுகுல மூட்டையைக் கட்டிக்கிட்டு வியட்நாம் போய் வாங்கின பல்புகளை ஒண்ணொண்ணா எடுத்து விட்டான். "பாஸ்போர்ட் ஸ்கூட்டர் கடையில, ஆளு ஆஸ்பத்திரியில, நாங்க நூடுல்ஸ் கடையில"ன்னு அவன் சொன்னப்போ விசில் பறந்துச்சு. அந்த ஆஸ்பத்திரி ஆளு என் பக்கத்து சீட்டுல தான் இருந்தான். அவனும் சிரிச்சான். ஆனா விழா முடியுற வரைக்கும் அவனால உக்கார முடியல. ஆறு மணிக்கு ஒரு ஹார்டுவேர் கடையில டாலி என்ட்ரி போடப் போகணும். அந்த வேலைக்கு அவன் ஏன் போறான்னு மேடையில யாரும் சொல்லல.

இந்தப் பதிவு அந்தக் கைதட்டலுக்கு எதிரா எழுதினது. நானும் கைதட்டினவன் தான், அதையும் முதல்லயே சொல்லிடறேன்.

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணு. "செம அனுபவம்"னு நாம சொல்லிச் சிரிக்கிற பயணச் சொதப்பல்ல முக்கால்வாசி விதியும் இல்லை, சாகசமும் இல்லை. பத்து நிமிஷம் உக்காந்து படிக்காத சோம்பேறித்தனம். அதுக்கான பில் மட்டும் குரூப்புல எவனால தாங்க முடியாதோ அவன் தலையில போய் விழுது. அப்புறம் நாம எல்லாரும் சேர்ந்து சிரிச்சு அந்த பில்லை மறைச்சுடறோம்.

இனி கொசுவத்தி சுத்தறேன்.

மொத்தம் நாலு பேரு. லீடர், "பிளான் பண்ணாம போறது தான்டா டிராவல்" கட்சி. கேமரா, எதைப் பார்த்தாலும் ரீல்ஸா பார்ப்பான். ஆடிட்டர், சி.ஏ. இன்டர் எழுதணும்னு கனவு, அப்பாவுக்கு இஸ்திரி கடை. நாலாவது நான், கூட்டத்தோட கோவிந்தா. திருச்சியில இருந்தே ஹோ சி மின் நகருக்கு 2023 நவம்பர்ல நேர் விமானம் வந்துடுச்சு. செமஸ்டர் லீவுல டிக்கெட்டும் சீப்பா கிடைச்சுது. ஏன் சீப்புன்னு யாரும் யோசிக்கல. நடு வியட்நாமுக்கு அது மழைக்காலம். நம்ம ஊருல வடகிழக்குப் பருவமழை அடிக்கிற அதே மாசங்கள்ல அங்கேயும் வெளுத்து வாங்கும். டெல்டாக்காரனுக்கு இதைச் சொல்லித் தரணுமா? எங்களுக்குச் சொல்ல வேண்டியிருந்துச்சு :-(

முதல் பல்பு விசா. வியட்நாம் அரசோட தளத்துல ஒரு தடவை போய் வர்ற இ-விசா 25 டாலர். லீடர் ராத்திரி ஒரு மணிக்கு கூகிள்ல முதல்ல வந்த தளத்துல நாலு பேருக்கும் சேர்த்து போட்டான். பார்க்க அரசு தளம் மாதிரியே இருந்த அது ஒரு ஏஜென்ட் கடை. தலைக்கு 60 டாலர் உருவிட்டாங்க.

ரெண்டாவது பல்பு நோட்டு. அங்கே இருபதாயிரம் டாங் நோட்டும் நீலம், அஞ்சு லட்சம் டாங் நோட்டும் ஏறக்குறைய நீலம். லீடர் ஒரு இளநிக்கு அஞ்சு லட்சத்தை நீட்டிட்டு "மீதி வேணாம், வச்சுக்கோங்க"ன்னு பெருந்தன்மையா நடந்து போனான். நம்ம காசுல கிட்டத்தட்ட 1,700 ரூபாய் இளநி. இதுக்கு நான் இன்னைக்கும் சிரிக்கிறேன். அது அவன் காசு. சொந்தக் காசுல வாங்கின பல்புக்கு எவ்வளவு வேணா சிரிக்கலாம், அதுல எனக்கு ஆட்சேபணை இல்லை.

மூணாவதை பல்புன்னு சொல்ல எனக்கு மனசு வரல.

ஹோ சி மின் நகர்ல இருந்து 17 மணி நேரம் ரயில்ல உருண்டு டானாங் போனோம். டானாங்குக்கும் ஹுவே நகருக்கும் நடுவுல ஹாய் வான் கணவாய். அந்தப் பேருக்கு அர்த்தமே கடலும் மேகமும். ஏறக்குறைய 500 மீட்டர் உயரம், இருபது கிலோமீட்டர் வளைவு, ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல். நீங்க பார்த்த வியட்நாம் வீடியோக்கள்ல பாதி அங்கே ஸ்கூட்டர்ல போற வீடியோவா தான் இருக்கும். 2005-ல சுரங்கப்பாதை திறந்த பிறகு கார், பஸ் எல்லாம் அதுல போயிடுது. கணவாயில மிச்சம் இருக்கிறது பைக்குகளும், சுரங்கத்துக்குள்ள விடாத எண்ணெய் டேங்கர்களும்.

எங்கள்ல வண்டி ஓட்டத் தெரிஞ்சது லீடருக்கும் ஆடிட்டருக்கும் மட்டும் தான். முந்தின நாள் ராத்திரி ஆடிட்டர் சொன்னான்: "மழை பெய்யுதுடா. நான் ரயில்ல வந்துடறேன், நீங்க போங்க." லீடர் சொன்னது: "மாப்ள, நீ ஓட்டலைன்னா ரெண்டாவது வண்டி இல்லை. பிளானே கேன்சல்." கேமரா கெஞ்சினான். நான் ஒண்ணும் சொல்லாம உக்காந்திருந்தேன். மூணு பேருக்காக ஒருத்தன் சரின்னான். இந்த வரியை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி கணக்கு போடும்போது தேவைப்படும்.

காலையில ரெண்டு ஸ்கூட்டர் எடுத்தோம். கடைக்கார அக்கா லைசென்ஸ் கேட்கல. டெபாசிட்டா வண்டிக்கு ஒரு பாஸ்போர்ட் கேட்டாங்க. கொடுத்தோம். கணவாயில இறங்கும்போது கேமரா பின்னாடி உக்காந்து "கொஞ்சம் ஸ்லோ பண்ணு, இந்தப் பக்கம் ஒட்டிப் போ"ன்னு டைரக்‌ஷன் கொடுத்துக்கிட்டே வந்தான். ஈர ரோடு, வளைவு, எதிர்ல ஒரு டேங்கர். ஆடிட்டர் பிரேக் பிடிச்சான், வண்டி படுத்துடுச்சு. கேமராவுக்கு முழங்கையில சிராய்ப்பு. ஆடிட்டருக்கு வலது காறை எலும்பு உடைஞ்சு, தலையிலயும் அடி. ஹெல்மெட் இருந்ததால இந்தப் பதிவை இவ்வளவு லேசா எழுத முடியுது.

டானாங்ல ஒரு ஆஸ்பத்திரி. அட்மிட் பண்ண பாஸ்போர்ட் கேட்டாங்க. பாஸ்போர்ட் கடையில. கடைக்குப் போனா, வண்டி ரிப்பேருக்கு 60 லட்சம் டாங் வச்சாத் தான் பாஸ்போர்ட். அதாவது 20,000 ரூபாய். அது நியாயமான விலையான்னு கேட்கிற நிலைமையில நாங்க இல்லை. பேரம் பேசற பலத்தை காலையிலேயே அவங்க கையில கொடுத்துட்டோமே! நம்ம பாஸ்போர்ட்டைத் திறந்து பாருங்க, அது இந்திய அரசோட சொத்துன்னு அச்சடிச்சிருக்கும். அதை அடகு வைக்க நமக்கு உரிமையே கிடையாது. டெபாசிட் வேணும்னா பணமா கொடுத்து ரசீது வாங்கணும். பாஸ்போர்ட் தான் வேணும்னு நிக்கிற கடையை விட்டு அடுத்த கடைக்கு நடக்கணும்.

இதுல இன்னொரு கொடுமை இருக்கு. எங்க நாலு பேர்ல ஒழுங்கா தயாராகி வந்தவன் ஆடிட்டர் மட்டும் தான். ஆர்.டி.ஓ. ஆபீஸ் போய் 1,000 ரூபாய் கட்டி சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கி வச்சிருந்தான். 640 ரூபாய்க்கு பயண இன்சூரன்ஸ் எடுத்திருந்தான். ஊருக்கு வந்து கிளெய்ம் போட்டான். ரெண்டே பாரா பதில்: அந்த நாட்டுல செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம் இல்லாததால் நிராகரிக்கப்படுகிறது.

எப்படி? உலகத்துல சாலைப் போக்குவரத்துக்கு ரெண்டு பெரிய ஒப்பந்தம் இருக்கு. ஒண்ணு 1949 ஜெனீவா, இன்னொண்ணு 1968 வியன்னா. இந்தியா கொடுக்கிற அனுமதி 1949 ஒப்பந்தப்படி. அந்தப் புத்தகத்துலயே அது அச்சாகியிருக்கும். வியட்நாம் ஏத்துக்கிறது 1968 ஒப்பந்த நாடுகள் கொடுக்கிறதை. ஆக, நம்ம ஆர்.டி.ஓ. கொடுத்த புத்தகம் தாய்லாந்துல செல்லும், வியட்நாம்ல வெறும் காகிதம். அமெரிக்காக்காரனுக்கும் ஆஸ்திரேலியாக்காரனுக்கும் கூட அங்கே இதே கதி தான். வியட்நாம்ல 50 சிசிக்கு மேல போனாலே லைசென்ஸ் வேணும். நாங்க எடுத்தது 125. நாங்க திரும்பி வந்த அடுத்த மாசமே, 2025 ஜனவரி 1-ல, ஆணை 168-ன்னு ஒண்ணு அமலுக்கு வந்து அபராதத்தையும் ஏத்திட்டாங்க. 125 சிசி வரைக்கும் லைசென்ஸ் இல்லாம ஓட்டினா 20 லட்சத்துல இருந்து 40 லட்சம் டாங்.

ஹா ஜியாங்கையும் ஹாய் வானையும் ஸ்கூட்டர்ல சுத்தி வீடியோ போடற நம்ம ஆளுங்க எத்தனை பேரு? நான் திரும்பி வந்து உக்காந்து வரிசையா பார்த்தேன். என்ன சாப்பிட்டாங்க, எந்த ஆங்கிள்ல சூரியன் விழுந்துச்சு எல்லாம் இருக்கு. இந்த ஒரு வரி நான் பார்த்த எதுலயும் இல்லை. "எல்லாரும் ஓட்டறாங்களே"ங்கிறது சட்டம் கிடையாது மக்களே. கடைக்காரங்க லைசென்ஸ் கேட்கலைங்கிறதும் அனுமதி கிடையாது. வண்டியை வாடகைக்கு விடறது அவங்க தொழில். நம்ம எலும்பு அவங்க கணக்குல வராது.

சரி, இப்போ கணக்கு. பி.காம். படிச்சுட்டு இதைக் கூட போடலைன்னா எப்படி?

ஆஸ்பத்திரி, மூணு நாள், ஸ்கேன், தோள் பெல்ட்: 55,000
ஸ்கூட்டர்: 20,000
தவற விட்ட விமானத்துக்குப் பதிலா புது டிக்கெட்: 13,500
மொத்தம்: 88,500

யாரு கொடுத்தது? லீடர் 2,000. நான் 2,000. கேமரா 7,500. மீதி 77,000 ஆடிட்டரோட அப்பா. அந்த 77,000 எங்கேர்ந்து வந்துச்சு? மகன் சி.ஏ. கோச்சிங்குக்குன்னு அவர் ஒரு லட்ச ரூபாய் ஏலச்சீட்டு கட்டிக்கிட்டு வந்தார். அவசரத்துக்கு 23,000 தள்ளி எடுத்தார். ஆக அவங்க வீட்டுக்கு நஷ்டம் முழுசா ஒரு லட்சம். கோச்சிங் போச்சு, ஒரு அட்டெம்ப்ட் போச்சு, சீட்டு தவணை மட்டும் மாசாமாசம் வருது. அதுக்குத் தான் சாயங்காலம் டாலி என்ட்ரி. லீடர் மேடையில சொன்ன கதையில இந்த 23,000 எங்கேயாவது வந்துச்சா? வராது. வந்தா யாரும் விசில் அடிக்க மாட்டாங்க.

இன்னொண்ணும் சொல்லணும். ஆடிட்டர் ஆஸ்பத்திரியில இருக்கும்போது டிக்கெட் வீணாகக் கூடாதுன்னு லீடரும் நானும் கிளம்பி வந்துட்டோம். கூட இருந்தது கேமரா. நான் இவ்வளவு நேரம் கிண்டல் பண்ணின அதே கேமரா தான் தன் டிக்கெட்டை விட்டுட்டு, கஞ்சி மாதிரி அங்கே ஒண்ணு கிடைக்கும், அதை வாங்கி ஸ்பூன்ல ஊட்டிக்கிட்டு இருந்தான்.

திரும்பி வந்தப்புறம் நான் லீடர்கிட்ட கேட்டேன், நாலாப் பிரிச்சா தலைக்கு 22,125 தானே, கொடுத்துடலாமான்னு. அவன் கிளாஸ்ல படிச்சதை எடுத்து என் மேலயே வீசினான்: "மச்சி, இது பர்ட்டிகுலர் ஆவரேஜ்டா. விழுந்தவன் நஷ்டம் விழுந்தவனுக்கு."

காமர்ஸ் படிக்காதவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். கடல் இன்சூரன்ஸ்ல ரெண்டு வகை நஷ்டம் உண்டு. புயல்ல உன் மூட்டை தானா நனைஞ்சு போனா அது பர்ட்டிகுலர் ஆவரேஜ், உன் நஷ்டம் உனக்கு. ஆனா கப்பலைக் காப்பாத்த கேப்டன் ஒருத்தனோட மூட்டையைத் தூக்கிக் கடல்ல போட்டா அது ஜெனரல் ஆவரேஜ். அந்த நஷ்டத்தை கப்பல்ல சரக்கு வச்சிருந்த எல்லாரும் பங்கு போட்டுக்கணும். நம்ம நாட்டு 1963 கடல் இன்சூரன்ஸ் சட்டத்துலயும் இருக்கு. இதோட வேர் ரோட்ஸ் தீவு மாலுமிகள் காலம் வரைக்கும் போகுது. படிப்பு வாசனை இல்லாத கடலோடிக்குக் கூடப் புரிஞ்ச நியாயம் இது.

லீடர் சொல்றது மேலோட்டமா சரி மாதிரி இருக்கும். விபத்து தானே, யாரும் வேணும்னு தள்ளி விடலையே? ஆனா முந்தின நாள் ராத்திரிக்குப் போங்க. ஆடிட்டர் ரயில்ல வர்றேன்னான். "நீ ஓட்டலைன்னா பிளான் கேன்சல்"னு சொன்னது யாரு? அவன் அந்த வண்டியில ஏறினதே எங்க மூணு பேரோட பிளான் மூழ்காம இருக்கத் தான். எங்க கப்பலுக்காகக் கடல்ல போட்ட மூட்டை அவன். இதை பர்ட்டிகுலர் ஆவரேஜ்னு சொன்னா அது கணக்கு இல்லை, கயவாளித்தனம். ஜெனரல் ஆவரேஜ்ல சமபங்கு கூட கிடையாது, யாரோட சரக்கு அதிகமா தப்பிச்சுதோ அவன் அதிகமா கொடுக்கணும். அப்படிப் பார்த்தா டிக்கெட்டும் தப்பிச்சு, எலும்பும் தப்பிச்சு, சொல்றதுக்கு ஒரு கதையும் சம்பாதிச்ச லீடரும் நானும் தான் அதிகம் கொடுக்கணும்.

"விழுந்தவனே சிரிக்கிறான், உனக்கென்னடா?"ன்னு கேட்கறாங்க. அவன் சிரிக்காம என்ன பண்ணுவான்? நூத்தைம்பது பேரு சிரிக்கிற இடத்துல மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டா "ஓவரா சீன் போடறான்"னு சொல்ல நாமளே இருக்கோமே.

"விபத்து திருச்சியில கூட நடக்கும்"னும் சொல்றாங்க. நடக்கும். ஆனா திருச்சியில விழுந்தா லைசென்ஸ் செல்லும், அரசு ஆஸ்பத்திரி இருக்கு, அரை மணி நேரத்துல அம்மா வந்துடுவாங்க. வெளிநாட்டுல இந்த மூணும் கிடையாது. அதனால தான் அங்கே போறவன் கூடுதலா படிச்சுட்டுப் போகணும். "பிளான் பண்ணாம போறது"ங்கிற தத்துவம், சொதப்பினா அப்பா கார்டைத் தேய்ச்சுக் காப்பாத்துற பசங்களுக்குக் கட்டுப்படியாகும். சீட்டுப் பணத்துல வளர்ற பசங்களையும் அதே தத்துவத்துல இழுத்துட்டுப் போறது என்ன நட்புன்னு எனக்குப் புரியல.

"அப்போ வெளிநாடே போகக் கூடாதா?" தாராளமா போங்க. நானும் திரும்பப் போவேன். ஹுவேயில இருந்து டானாங்குக்கு அதே கடலோரமா ரயில் போகுது. 2024 மார்ச்ல அந்தப் பாதையிலேயே சுற்றுலாவுக்குன்னு தனியா ஒரு ரயிலும் விட்டாங்க. சில நூறு ரூபாய்ல அதே மலை, அதே கடல். கணவாய் வழியா தான் போவேன்னா, உள்ளூர்க்காரர் ஓட்ட நாம பின்னாடி உக்காந்து போற ஏற்பாடும் இருக்கு. ஆடிட்டர் சொன்ன ரயில் தான் சரியான யோசனை. அதைக் கேட்டிருந்தா எங்ககிட்ட கதை இருந்திருக்காது, அவ்வளவு தான்.

அடுத்த தடவை போறதுக்கு நான் வச்சிருக்கிற விதிகள்: கிளம்பறதுக்கு முன்னாடி தலைக்கு அஞ்சாயிரம் பொது நிதி, சொதப்பலுக்குன்னே தனியா. வண்டி ஓட்டணும்னா அந்த நாடு எந்த ஒப்பந்தத்தை ஏத்துக்குதுன்னு பார்த்துட்டுத் தான். பாஸ்போர்ட் யார் கைக்கும் டெபாசிட்டா போகாது. குரூப்புல ஒருத்தன் "வேணாம்டா"ன்னா அது ஓட்டெடுப்புக்குப் போகாது, அந்த பிளான் அத்தோட குளோஸ். அதையும் மீறி ஏதாவது நடந்தா, டிக்கெட் வீணானாலும் எல்லாரும் கூட இருக்கணும்.

என் பங்கு 22,125-ல 2,000 போக 20,125 பாக்கி. மாசம் 2,000-ன்னு கொடுக்க ஆரம்பிச்சிருக்கேன். ரெண்டு தடவை "வேணாம்டா, விடு"ன்னான். மூணாவது தடவை வாங்கிக்கிட்டான். அவன் வாங்கின அன்னைக்குத் தான் தெரிஞ்சுது, அவனுக்கு அது எவ்வளவு தேவைப்பட்டிருக்குன்னு. அந்த ரெண்டு தடவையும் நான் நிம்மதியா பர்ஸை உள்ளே வச்சதை நினைச்சா இன்னும் கூசுது.

ஜூனியர் தம்பி தங்கச்சிங்களே, நீங்களும் போவீங்க, சொதப்புவீங்க, வந்து மேடை ஏறுவீங்க. அடுத்த தடவை யாராவது "செம அனுபவம் மச்சி"ன்னு ஆரம்பிச்சா நல்லா கேளுங்க, சிரிப்பு வந்தா சிரிங்க. முடிஞ்சதும் கை தூக்கி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "அண்ணே, பில்லு யாரு கட்டினது?"

டிஸ்கி: ஆடிட்டர்கிட்ட படிச்சுக் காட்டி, அவன் சரின்ன பிறகு தான் இதைப் போடறேன். சீட்டு தள்ளின 23,000-ஐ நான் முதல்ல விட்டுட்டேன், "அதையும் செலவுல எழுதுடா"ன்னு திருத்தினது அவன் தான். லீடருக்கும் காட்டினேன். ரெண்டு நாளா பேசல. இன்னைக்குக் காலையில கேன்டீன்ல வந்து உக்காந்து, "இருபத்திரெண்டாயிரமா, மேலயா?"ன்னு மட்டும் கேட்டான். டீ காசு நான் தான் கொடுத்தேன் :-)